சாம்பல் அணில் ஊரிலிருந்து கௌதாரி ஊருக்கு

மெட்ராஸ் ஒன்றும் வெளிநாடு இல்லை என்கிறான் என் மகன். அவன் சொல்வான், அங்கேயே குடியிருக்கிறவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிற எனக்கு, பாஸ்போர்ட் ஒன்றுதான் கேட்கவில்லை. மற்றபடி தண்ணீர் வேறு, இட்லி வேறு, பேச்சு வேறு, மனிதர்கள் சாலையைக் கடக்கிற விதம் வேறு.

போனது கல்யாணக் காரியமாக. மகன் முத்துக்குமார் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கிற பவித்ராவைத்தான் கட்டுவேன், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். பெண் அயனம்பாக்கத்துக்காரி. ஏரிப் பாசனத்தில் நெல் போட்டு வாழ்ந்த பழைய குடும்பம். நேரில் போய்ப் பேசி முடிக்க என்னைத் தவிர ஆள் இல்லை. அவன் அப்பா காலமாகிவிட்டார். சொந்தபந்தம் நிறைய உண்டு, ஆனால் ஒருவரும் என்னோடு வர மாட்டார்கள். காரணம் அணில்.

நான் வனத்துறையில் வனக்காப்பாளர். எங்கள் மலையடிவாரத்தில் சாம்பல் அணில் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக் கூரையில் ஓடுகிற முதுகில் கோடு போட்ட அணில் இல்லை. இது பூனை அளவு இருக்கும். வால் மட்டும் ஒரு முழம். முதுகெல்லாம் நரை தட்டினது போல ஒரு நிறம். தென்னிந்தியாவின் சில மலைகளையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இருக்கிற இடத்திலும் குறைந்துகொண்டு வருகிறது. அதைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். போன வருஷம் என் கொழுந்தன் முறை ஆள் ஒருவர், மாங்காயைக் கடித்துப் போடுகிறது என்று தோப்பில் ஒன்றைச் சுட்டுவிட்டார். நான் கேஸ் எழுதினேன். அன்றோடு அந்தப் பக்கத்துச் சனம் யாரும் என் வாசலை மிதிப்பதில்லை. "ஒரு எலிக்காக ஒறவ அறுத்தவ" என்று எனக்குப் பெயர். அணில் எலி வகைதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆகவே ஒரு பெட்டி பால்கோவாவும் ஒரு பட்டுப்புடவையுமாகத் தனியாகக் கிளம்பினேன்.

குமணன்சாவடி முனையில் வந்து நின்றபோதே எனக்குத் தலை சுற்றியது. பெங்களூர் ரோட்டில் லாரிகள் நிற்கவே இல்லை. மேலே மெட்ரோ தூண்கள், கீழே பூக்கடை, நடுவில் ஒரு மாடு. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம், "அண்ணாச்சி, அயனம்பாக்கம் போகுமா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மரியாதை.

"இன்னாமா, நான் இன்னா மளிகக் கட வெச்சிகினா கீறேன்? ஏறு ஏறு, போவும்" என்றார்.

போனது. ஆனால் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் போனது. அப்படியே நேர் எதிர்த்திசை. "போகும்னு சொன்னீகளே?" என்று நான் சத்தம் போட்டேன்.

"போவும்மா. யார் போவாதுன்னா? இங்கேர்ந்து வேற வண்டில போவும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கூடை அம்மாள் என்னைவிடக் கோபப்பட்டார். "ஊருக்குப் புச்சா வந்த பொம்பளைய இப்டியா இஸ்துகினு வருவே?" என்று அவரை ஒரு பிடி பிடித்து, என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனார். டெப்போ எதிரே சாப்பிட்ட இட்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். இங்கே வாளியோடு வந்து ஊற்றுகிறார்கள். இட்லி எங்கே என்று கரண்டியால் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ருசி, குறை சொல்ல முடியாது.

மகன் இருப்பது அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. கூட இரண்டு பையன்கள். குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. நெல் விளைவித்த ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே என்று கேட்டேன். "அம்மா, வந்த உடனே ஆரம்பிக்காத" என்றான். ராத்திரி சாப்பாட்டில் விஷயத்துக்கு வந்தான். "அங்க போய் டூட்டி பாக்கக் கூடாது. பவித்ராவோட அப்பா தண்ணி லாரி ஓட்டுறார். பேச்சு கொஞ்சம் முரடு, மனசு தங்கம். பேசி முடிச்சு நீ கை நனைச்சிட்டு வந்துரு. அவங்களுக்கும் அதுதான் கணக்கு."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்தால், பெண் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் சமாதானம் சொன்னாலும் எடுபடாது. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். மெட்ராஸும் எங்கள் ஊரும் ஒத்துப்போகிற முதல் விஷயம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். காடு சுற்றின காலுக்கு மூன்றாவது மாடி ஒத்துக்கொள்ளவில்லை. கரையைத் தாண்டி ஒரு காலி மனை. சீமைக்கருவேலமும் கோரைப்புல்லும் இடித்த கட்டடக் கல்லுமாகக் கிடந்தது. உள்ளேயிருந்து, யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவதுபோல, ஒரு குரல் விட்டு விட்டு வந்தது. கௌதாரி! பேருந்து ஹாரனுக்கு நடுவில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். புல்லை விலக்கிக்கொண்டு ஒரு சேவலும் பெட்டையும் வந்தன. மண்புழுதியில் உருண்டு குளித்தன. கறையான் புற்றைக் கிளறின. ட்ராக்சூட் போட்ட ஒரு கோயம்புத்தூர்த் தம்பி நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, இதுதான் அந்தச் சத்தம் போடறதுங்களா? டெய்லி இதுலதான் எந்திரிக்கறேன். யாரோட போன் அலாரமோன்னு நெனச்சேனுங்க" என்றார்.

அங்கே நின்றபடி என் அணிலையும் இந்தப் பறவையையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி போகாது. அணிலுக்குத் தரை ஆகாது. மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வாழ்க்கை. நடுவில் இரண்டு மரத்தை வெட்டிவிட்டால் அந்தப் பக்கத்து அணில் அந்தப் பக்கத்திலும், இந்தப் பக்கத்து அணில் இந்தப் பக்கத்திலும் நின்றுவிடும். கௌதாரிக்குத் தரைதான் எல்லாம். இறக்கை இருந்தும் பறக்கச் சோம்பல், ஆபத்து என்றால் முதலில் ஓடத்தான் பார்க்கும். முட்டையைக்கூட ஒரு புதர் அடியில் வெறும் மண்ணில்தான் வைக்கும். அணில் போட்டால் ஒன்றோ இரண்டோ குட்டி. கௌதாரி ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு முட்டை வைக்கும், குஞ்சுகள் பொரித்த அன்றே தாய்க்குப் பின்னால் ஓடும். அதனால் கௌதாரி தாக்குப்பிடித்துக்கொள்ளும் என்று நினைப்போம். ஆனால் அணிலைத் தின்ன யாருக்கும் பெரிதாக நாக்கு ஊறுவதில்லை. கௌதாரி என்றால் ஊறாத நாக்கு இல்லை. அணிலுக்குச் சரணாலயம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, என்னைப் போல நாலு பேர் உண்டு. இதற்கு இருப்பது, யாரோ இன்னும் வீடு கட்டாமல் விட்டுவைத்திருக்கிற ஒரு மனை.

அன்று முழுக்க மகன் என்னை ஆவடிக்குக் கூட்டிப்போய் முறுக்கும் ஜாக்கெட் துணியும் வாங்கிக் கொடுத்தான். திரும்பும்போது ரயிலில் ஏறுகிற கூட்டத்தில் முறுக்கு மாவாகிவிட்டது.

மூன்றாம் நாள் பகல் பவித்ரா வீட்டுக்குப் போனோம். ஏரிக்குப் பின்னால் பழைய ஊர். தெரு முனையில் தண்ணீர் லாரி நின்றது. அப்பா ஏழுமலை வாசலுக்கே வந்து கும்பிட்டார். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அம்மா கன்னியம்மாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஏழுமலையின் பங்காளி கோதண்டம் என்பவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பவித்ரா வந்து தண்ணீர் கொடுத்தாள். நேராக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அப்போது உள்கட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. கதவு தட்டுகிற குரல்.

திரும்பிப் பார்த்தேன். ஆணியில் ஒரு மூங்கில் கூண்டு, மேலே துணி போட்டு மூடியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பழக்கின கௌதாரிச் சேவல். இதைக் காட்டில் கொண்டுபோய் வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டுவார்கள். இது கத்தும். தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று அங்கிருக்கிற சேவல் சண்டைக்கு ஓடிவரும், வந்து சுருக்கில் மாட்டும். மகன் என் முழங்கையைக் கிள்ளினான். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவனுக்குத் தெரியும்.

பேச்சு நல்லபடியாகவே போனது. "அப்ப கைய நனைச்சிடலாமா?" என்றார் ஏழுமலை. இலை போட்டார்கள். சோறு வந்தது, மொச்சைக் குழம்பு வந்தது. கடைசியில் ஏழுமலையே ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மிளகு போட்டு வறுத்த கறியை என் இலையில் வைத்தார். சின்னச் சின்ன எலும்பு. கோழி இல்லை.

"முத்து சொல்லிச்சு, அம்மா காட்டுலயே வேல பாக்கறவங்கன்னு. காட்டுல கீறவங்களுக்குப் பிராய்லரைப் போட்டா அது மரியாதயா? அதான் நேத்து சாயந்தரம் நானே போய்ப் புட்ச்சாந்தேன். கவுதாரி!"

"எங்க பிடிச்சீக?"

"இதோ, ஏரிக்கர தாண்டி. நம்ம கோதண்டம் மனை ஒண்ணு முள்ளு மண்டிக் கெடக்குதே, அங்கதான்."

முந்தின நாள் காலையில் அந்த ஜோடி புழுதியில் குளித்தது என் கண்ணிலேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷம். என்னைக் கேவலப்படுத்த நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். இவர் என்னைக் கௌரவப்படுத்தியல்லவா தொலைத்திருக்கிறார்!

சாப்பிட்டால், ஒரு அணிலுக்காகச் சொந்தத்தின் மேலேயே கேஸ் எழுதின நான் யார்? எழுந்தால், என் பிள்ளையின் கல்யாணம்? அவன் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இத நான் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

கோதண்டம்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா ஏழுமல, பொண்ணு வாணான்றாங்களா?"

"பொண்ணு வேணும். கறிதான் வேண்டாம்" என்றேன். அணில் கதையைச் சொன்னேன். கொழுந்தனைச் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார ஏன் ஒரு சொந்தம்கூட வரவில்லை என்பதையும் சொன்னேன். இது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏழுமலைக்கு முகம் கறுத்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்க அணிலுக்குக் காடு கீது, ஆபீஸ் கீது, நீங்க கீறீங்க. எங்க கவுதாரிக்கு இன்னா கீது? நான் சின்னப் புள்ளயா இருக்க சொல்ல, இங்கேர்ந்து அம்பத்தூர் வரைக்கும் வயலும் மேடும். எங்கப் பார்த்தாலும் கவுதாரி. இப்போ எல்லாம் பில்டிங்கு. நாளைக்குக் கோதண்டம் ஊடு கட்டுவான், அந்த முள்ளு எல்லாம் பூடும். நான் புட்ச்சாலும் பூடும், புடிக்காட்டியும் பூடும். அப்பால நான் ஒருத்தன் துன்னதுதான் குத்தமா?"

"நீங்க சொல்றது நெசந்தான். ஆனா என் கை போக மாட்டேங்குது" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

கன்னியம்மாள்தான் காப்பாற்றினார். "அப்பவே சொன்னேன், ஒரு கிலோ மட்டன் எடுய்யான்னு. கேட்டாத்தானே!" என்று கணவரை ஒரு முறை முறைத்து, என் இலையை அப்படியே சுருட்டி எடுத்துவிட்டு, புது இலை போட்டார். சோறு வைத்து ரசம் ஊற்றினார். "இத்த சாப்புடுவீங்கல்ல?"

நான் கையை இலைக்குமேல் நிறுத்தினேன். "சாப்பிடுறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். சீரு என்ன எதிர்பார்க்கிறீகன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"வந்துட்டாங்கடா பவுனுக்கு" என்றார் கோதண்டம்.

"பவுனு வேண்டாம். வீட்டுல எத்தனை கண்ணி இருக்கோ, அத்தனையும் வேணும். அந்தக் கூண்டும், உள்ள இருக்கிறதும். அவ்வளவுதான் சீரு."

முத்துக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். ஏழுமலை எழுந்து போய்க் கூண்டின் துணியை விலக்கினார். உள்ளே இருந்தது அவர் விரலை மெதுவாகக் கொத்தியது. "நாலு நாள் குஞ்சா வந்தவன். கறையான் பொறுக்கிப் போட்டு வளத்தேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா கத்துவான்" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

பவித்ரா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "நைனா, குட்த்துடு" என்றாள்.

அவர் பரண்மேல் கை விட்டு ஒரு சாக்குப் பையை எடுத்தார். வெற்றிலைத் தட்டில் தேங்காய், பழம், மஞ்சள் எல்லாம் வைத்திருந்தார்கள். அதன்மேல் நைலான் கண்ணிகளை எடுத்து வைத்தார். "எடுத்துக்கங்க, சம்பந்தி" என்றார்.

ரசம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரை ஏறிவிட்டது. கன்னியம்மாள் என் தலையில் தட்டினார்.

பழகின பறவையைத் திறந்துவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மறுநாள் நானும் ஏழுமலையும் கூண்டைக் கொண்டுபோய் அங்கிருக்கும் எங்கள் துறை ஆபீசில் ஒப்படைத்தோம். ஷேர் ஆட்டோவில் அது வழி முழுக்கக் கத்தியது. அவர் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார். ஆபீசில் அவர் வாங்கிய வசவை எழுதினால் சம்பந்தி உறவு கெடும். வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

ஊருக்கு வந்து வேலைக்குத் திரும்பினேன். கண்ணிகளை எங்கள் ஆபீசில் கொடுத்தபோது எந்த ஏரியாவில் கைப்பற்றியது என்று கேட்டார்கள். சீராக வந்தது என்றேன். நம்பவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. பத்திரிகை வைக்கக் கொழுந்தன் வீட்டுக்கும் போனேன், கதவு திறக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் ஓடைக்கரைப் புளியமரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அணில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு புளியங்காய் தின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது. எடுத்தால் முதலில் இயந்திரச் சத்தம், நாலைந்து பேர் கத்துகிற சத்தம். அதற்குமேல் ஏழுமலை குரல்.

"சம்பந்தி, கோதண்டம் மனைக்கு ஜேசிபி வந்துகீது. முள்ளு பூரா வாரிகினு வரான். உள்ள ஒரு பெட்ட முட்டை மேல குந்திகினு கீது. நானே பாத்தேன். அன்னிக்கி நாம ஆபீஸ் போனமே, அவங்களுக்குப் போன் போட்டுட்டேன். வராங்களாம். அவங்க வரதுக்குள்ள இன்னா பண்றது? இதே உங்க அணிலா இருந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"வண்டிச் சாவியப் பிடுங்கிருவேன்" என்றேன்.

"அத்த அப்பவே புடுங்கிட்டேன். ஜோபுல கீது."

"கோதண்டம் அண்ணன் என்ன சொல்றார்?"

"எதுத்தாப்பலதான் நின்னு கத்திகினு கீறான். ஒரு குருவிக்காவ பங்காளிய அறுத்துட்டல்ல, இனிமே உன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், கல்யாணத்துக்கும் ஒருத்தரும் வர மாட்டோம்ன்றான்." பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். ஏழுமலை அவர்களை "போய்யா" என்று அதட்டிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தார். "உங்க பக்கமும் ஆள் வராது, என் பக்கமும் வராது. பந்திய சின்னதா வெச்சிக்கலாம், சம்பந்தி."